பங்கு என்று எழுதியிருக்கலாம்

யாரோ ஒருவருடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் தொழிலை ஆங்கிலத்தில் என்னவென்று எழுதுவது எனத் துர்க்கா யோசித்துக்கொண்டிருந்தபோது, கைபேசிக்கு ஒரு கடிதத்தின் படம் வந்தது. படத்துக்குப் பின்னாலேயே றீற்றாவின் குரலும் வந்தது.

"எடி துர்க்கா, உதில என்ன கிடக்கெண்டு பாத்துச் சொல்லு. மூண்டு மாசம் பிந்தினதுக்கு இவ்வளவு பெரிய கடிதமோ? அன்பு சொல்லுறார், சங்கத்துக்காரர் பாங்க்காரர் மாதிரி இல்லையாம், நேர போய்க் கதைச்சால் விடுவினமாம். எத்தினை மாசம் பொறுப்பினமெண்டு மட்டும் சொல்லு. மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

அன்புராசாவும் றீற்றாவும் ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கர். அவர் சரக்கு றக் ஓடுகிறார், அவள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் துர்க்காவோடு ஏழு வருடம் இருந்தவர்கள். 2022 பெப்ரவரியில் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினார்கள். சொந்த றக் வைத்திருப்பவரின் வருமானம் வரிப் பத்திரத்தில் எப்போதும் மெலிந்துதான் தெரியும். அதைப் பார்த்து மூன்று பாங்குகள் கையை விரித்துவிட்டன. நான்காவதாக அவர்கள் போனது ஒரு சிறிய இஸ்லாமிய வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்கு. போகச் சொன்னதே துர்க்காதான்.

அவள் கடிதத்தைப் பெரிதாக்கி வாசித்தாள். எத்தனை மாதம் என்பதற்கு அதில் பதிலே இல்லை. மூன்று தவணை தவறியதால் உடன்படிக்கையின் இருபத்திரண்டாம் பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டது என்று இருந்தது. வீட்டில் சங்கத்துக்கு இருக்கும் பங்கை, வாங்கிய நாளின் விலைக்கே, முப்பது நாளுக்குள் அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் சங்கம் வீட்டை விற்கும்.

சங்கத்தின் பங்கு. அந்த இடத்தில் துர்க்காவின் கண் நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. அந்தச் சங்கத்தின் தமிழ்க் கைந்நூலை எழுதியவளே அவள்தான். அதில் வீடு வாங்குவதைச் சொல்லும் பகுதியில் பங்கு என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது.

"வாசிச்சிட்டுச் சொல்லுறன்," என்று மட்டும் றீற்றாவுக்கு அனுப்பினாள்.

சங்கத்தைத் தொடங்கியவர் நஜாத். அக்கரைப்பற்றுக்காரர்; அங்கத்தைய முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோலத் துர்க்கா அவரை நானா என்பாள். கோலாலம்பூரில் பொருளாதாரம் படித்தவர். வளர்ந்துவரும் நாடுகளில் இஸ்லாமிய வங்கிகள் பரவியதற்கும் அந்த நாடுகளின் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்பது அவருடைய ஆய்வு. கைந்நூலின் முதல் பகுதி அந்த ஆய்வின் சுருக்கம்தான். அதை மொழிபெயர்க்கத் துர்க்கா வாரக்கணக்கில் அவரோடு உட்கார்ந்தாள். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று விளங்காமல் அவளால் ஒரு வரி எழுத முடியாது.

"நான் பார்த்த நாடுகளில இந்த பாங்க் வளந்த இடத்தில பொருளாதாரமும் வளந்துதான் இரிக்கு," என்றார் நஜாத். "ஆனா எது எதை இழுத்திச்செண்டு என்னால சொல்லேலாமப் போச்சு. ஏன் தெரியுமா? பேர்தான் பங்கு. நூறு கொடுக்கல்வாங்கலப் பிரிச்சுப் பார்த்தா நாலைஞ்சுலதான் உண்மையான பங்கு இரிக்கும். மத்ததெல்லாம், பாங்க் ஒரு மெஷினை வாங்கி, விலையைக் கூட்டி, உங்களுக்குத் தவணைக்கு விக்கிறது. மெஷின் ஓடினாலும் தவணை, ஓடாட்டியும் தவணை. அது வட்டிக்குப் பக்கத்து வீடு, துர்க்கா."

"அப்ப உண்மையான பங்கெண்டால் என்ன வித்தியாசம், நானா?"

"நட்டம் வந்தா பாங்குக்கும் வரும். அந்தப் பயத்தில, காசைக் குடுக்க முதல் அந்தத் தொழில் உருப்படுமா எண்டு பாங்க் தேடிப் பார்க்கும். அப்பதான் காசு சரியான கைக்குப் போகும், நாடும் வளரும். இங்க அம்பது வீட்டில இது வேலை செய்யுதெண்டு காட்டினா, நாளைக்கு எங்கட ஊரில வயல்காரனுக்கும் வள்ளம் வெச்சிருக்கிறவனுக்கும் இப்பிடிக் குடுக்கலாம்."

துர்க்காவுக்கு அந்தப் பொறிமுறை பிடித்துவிட்டது. வீட்டுக்கு அதை எப்படிப் பொருத்தினார்கள் என்பது இன்னும் பிடித்தது. ஐந்தில் ஒரு பங்குப் பணம் குடும்பம் போடுகிறது, ஐந்தில் நான்கைச் சங்கம் போடுகிறது. வீடு இருவருக்கும் சொந்தம். சங்கத்தின் பகுதியிலும் குடும்பமே குடியிருப்பதால் அதற்கு வாடகை. வாடகையோடு சேர்த்து மாதாமாதம் சங்கத்தின் பங்கில் ஒரு துணுக்கையும் குடும்பம் வாங்கிக்கொண்டே போகும். இருபத்தைந்து வருடத்தில் துணுக்குகள் முடியும், வீடு முழுதாக அவர்களுடையதாகும். இதில் யாரும் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. வட்டி முளைக்க இடமில்லை. நடுவில் இருவரும் சேர்ந்து வீட்டை விற்றால், விலை ஏறியிருந்தால் ஏற்றம் பங்குப்படி, விழுந்திருந்தால் வீழ்ச்சியும் பங்குப்படி.

அதை அவள் முதலில் சரியாகத்தான் எழுதினாள். "கூட்டுப் பங்கு" என்றுதான் எழுதினாள்.

அந்த முதல் படியை எடுத்துக்கொண்டு வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் தமிழர்களுக்கென்று கூட்டம் வைத்தார்கள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். துர்க்கா பங்கு என்று சொல்லி வாயை மூடவில்லை, தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஸ்ரீஸ்கந்தராசா எழும்பினார்.

"தங்கச்சி, பங்கெண்டால் ஆளை விடும். எங்கட பங்குக் கிணத்துக்கு முப்பத்தொரு வருசம் வழக்கு. பேசினவையும் செத்து, வழக்காடின அப்புக்காத்தும் செத்து, கிணறும் தூந்துபோச்சு."

மண்டபம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "காணியெண்டால் ஒரு பேரில இருக்கவேணும், ரெண்டு பேரில இருந்தால் அது காணியில்லை, கோடு கச்சேரியெண்டு வழக்குக்கு அலையிறது," என்றார். இன்னொருவர், "உது ஒற்றியோ, ஈடோ? அதைச் சொல்லும் முதல்ல," என்றார். கூட்டம் முடிய முன்னரே பத்துப் பேர் கோப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

துர்க்காவுக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. கனடாவுக்கு வருமுன் நெல்லியடியில் ஒரு நொத்தாரிசிடம் நான்கு வருடம் காணி உறுதிப் பத்திரங்கள் தட்டச்சுச் செய்தவள் அவள். பிரிபடாத பங்கு என்று உறுதியில் ஒரு வரி தட்டினால், அந்த வரிக்குப் பின்னால் சகோதரர்கள் முகம் பார்க்காமல் போவதையும் சேர்த்தே தட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஈடு அப்படியல்ல. எல்லாருக்கும் தெரிந்த சொல். காணியை ஈடு வைத்தால் காணி உன்னுடையதுதான்; காசைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். பயமில்லாத சொல்.

வீட்டுக்குப் போய், வீடு வாங்கும் முறையைச் சொல்லும் இரண்டாம் பகுதி முழுவதையும் மாற்றினாள். பங்கு இருந்த இடமெல்லாம் ஈடு. துணுக்கு வாங்குவது, சிறுகச் சிறுக ஈடு மீட்பது. பதினேழாம் பக்கத்தில் இருவரும் சேர்ந்து விற்பது பற்றிய நீண்ட பந்தியை ஒரே வசனமாக்கினாள்: "வீட்டை விற்றால், ஈட்டை மீட்டபின் எஞ்சுவது முழுவதும் உங்களுக்கே." எழுதிவிட்டு, இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது என்று நினைத்தது கூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

நஜாத் படியைப் புரட்டினார். ஆங்கிலத்தில் வாசித்துப் பழகிய கண் தமிழில் மெதுவாகப் போனது. "சனத்துக்கு விளங்கினாக் காணும். தமிழ் நீங்க பார்த்தாச் சரி," என்றார். அடுத்த கூட்டத்தில் ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

அன்புராசா கைந்நூலை மடியில் வைத்துக்கொண்டு பகிடி விட்டது அந்தக் கூட்டத்தில்தான். "வட்டியில்லாத ஈடோ? எங்கட சபையும் முந்தி வட்டியைப் பாவமெண்டுதானே சொன்னது. அப்ப நாங்கள் திரும்பப் பழைய கத்தோலிக்கராகிறம், பாதருக்கு ஒருத்தரும் சொல்லிப்போடாதேங்கோ."

அவர்கள் வாங்கியபோது வீட்டின் விலை பதினான்கு லட்சம் டொலர். அதில் அவர்கள் போட்டது இரண்டு லட்சத்து எண்பதாயிரம். இருபத்திரண்டு வருட உழைப்பு. இரண்டு மாதத்தில் ரொறன்ரோவில் வீட்டு விலை இறங்கத் தொடங்கியது. வாடகையோ ஏறியது. வாடகை என்பது பெயர். எவ்வளவு என்பதை வருடாவருடம் கனடாப் பாங்குகளின் வட்டி வீதத்தைப் பார்த்துத்தான் சங்கம் தீர்மானித்தது. வேறு அளவுகோல் யாரிடமும் இருக்கவில்லை. இந்த வருடம் எல்லை தாண்டும் சரக்குக் குறைந்து றக்கும் கிழமையில் இரண்டு நாள் நின்றது.

துர்க்கா உடன்படிக்கையின் ஆங்கில மூலத்தை எடுத்து மேசையில் விரித்தாள். ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். இன்று அந்த வீடு பதினொரு லட்சத்துக்குப் போகலாம். விழுந்தது மூன்று லட்சம். அதுவரை வாங்கிய சொற்பத் துணுக்குகளைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், இருவரும் சேர்ந்து விற்றிருந்தால் அந்த மூன்றில் குடும்பத்துக்கு அறுபதாயிரம்தான் நட்டம். இரண்டு லட்சத்து இருபதாயிரத்தோடு வெளியே வந்திருக்கலாம். ஸ்கார்பரோவில் ஒரு வாடகை வீடு எடுத்து, மூச்சுவிட்டு, திரும்ப எழும்பியிருக்கலாம்.

அதற்கு வேண்டியிருந்தது ஒரு கடிதம். பதினாறாம் பிரிவில் அது தெளிவாக இருந்தது: தவணை தவறாத பங்காளி எவரும் எப்போது வேண்டுமானாலும் கூட்டு விற்பனை கேட்டு எழுதலாம், சங்கம் மறுக்க முடியாது. தவணை தவறிவிட்டால்? அப்போது இருபத்திரண்டாம் பிரிவு வரும். தவறியவர் சங்கத்தின் பங்கைப் பழைய விலைக்கே வாங்குவதாகக் கையெழுத்திட்ட வாக்குறுதி. அந்த ஒரு பிரிவு வந்ததும் பங்கெல்லாம் கரைந்து, ஏறக்குறைய பதினொரு லட்சத்து இருபதாயிரம் அப்பட்டமான கடனாக நிற்கும். தவறிய வாடகையும் விற்கும் செலவும் சேர்ந்தால், வீட்டை விற்றாலும் போதாது.

அன்புராசா குடும்பம் ஜூன் வரை ஒரு தவணையும் தவறவில்லை. எப்படித் தவறவில்லை என்பதும் துர்க்காவுக்குத் தெரியும். ஏப்ரலில் றீற்றா தாலிக்கொடியை விற்றாள். நகைக்கடைக்குக் கூடப்போனவளே துர்க்காதான். "வித்தால் எல்லாம் போயிடும், ஈட்டுக் காசுக்கே காணாது. பிடிச்சுக்கொண்டு நிண்டால்தான் ஏதும் மிஞ்சும்," என்று றீற்றா காருக்குள் சொன்னாள். பதினேழாம் பக்கத்தை வாசித்த ஒருத்தி வேறெப்படி யோசிப்பாள்?

செவ்வாய்க்கிழமை துர்க்கா நஜாத்தின் கந்தோருக்குப் போனாள். அவர் அவளைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். முகம் நித்திரை இல்லாத முகமாக இருந்தது.

"அன்புராசாட கேஸ்தானே? எனக்குத் தெரியும். என்ன செய்யிற, துர்க்கா. அறுபத்துமூணு வீட்டில பதினொண்டு இப்ப இந்த நிலையில இரிக்கு."

"அந்த இருபத்திரண்டாம் பிரிவை ஏன் வைச்சனீங்கள், நானா? அது பங்கே இல்லையே."

"வெச்சது நானில்ல, லோயர். அது இல்லாட்டி எங்களுக்குக் காசு போட ஒருத்தனும் வரமாட்டானெண்டார். வந்திருக்கவும் மாட்டான். எங்கட சங்கத்தில காசு போட்டிரிக்கிறது ஆரெண்டு நினைக்கிற? டக்ஸி ஓடுறவன், நர்ஸ் வேலை செய்யிற பொம்பிள. அவங்கட காசையும் நான் பாக்கத்தானே வேணும்." அவர் மேசையிலிருந்த கோப்புகளைப் பார்த்தார். "ஒண்டுதான் எனக்கு விளங்கல்ல. சோமாலி ஆக்கள், பாகிஸ்தான் ஆக்கள் நாலைஞ்சு குடும்பம் போன வருசமே எழுதிக் குடுத்திச்சு. சேர்ந்து வித்தம். அவங்களுக்கும் நட்டம், எங்களுக்கும் நட்டம், கையைக் குடுத்திட்டுப் போனாங்க. நான் நினைச்ச மாதிரியே வேலை செஞ்சிச்சு. இந்தப் பதினொண்டில ஒம்பது தமிழாக்கள். ஒருத்தரும் எழுதல்ல. உங்கட சனத்துக்கு என்ன, விட்டுக்குடுக்க மானம் விடல்லயா?"

துர்க்கா கைந்நூலைப் பையிலிருந்து எடுத்தாள். பதினேழாம் பக்கத்தை விரித்து அவர் பக்கம் திருப்பினாள். சத்தமாக வாசித்தாள். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள்.

நஜாத் அந்த வரியில் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார். எழும்பி யன்னலடியில் போய் நின்றார். கீழே பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"ஒம்பது வீடு," என்றார்.

"ஓம்."

"என்ட பேரும் அந்தப் புத்தகத்தில இரிக்கு, துர்க்கா. நானும் வாசிச்சுத்தானே சரியெண்ட." திரும்பி வந்து உட்கார்ந்தார். "வியாழக்கிழமை நிர்வாகசபை கூடுது. நான் கேட்டுப் பாக்கிறன். ஜூன் மாசமே அவங்க எழுதினதா வெச்சு விப்பமெண்டு கேக்கிறன்."

வியாழன் பின்னேரம் அவர் தொலைபேசி எடுத்தார். சபையில் ஏழு பேர். ஐந்து பேர் முடியாது என்றுவிட்டார்கள். ஒருவருக்கு இளகினால் ஒன்பது பேருக்கும் இளகவேண்டும். ஒன்பது வீட்டு நட்டத்தையும் எடுத்தால் சங்கமே நிற்காது. காசு போட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது? கைந்நூல் உடன்படிக்கை அல்ல, பிணக்கு வந்தால் ஆங்கில மூலமே செல்லும் என்று பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது என்று சங்கத்தின் லோயர் எடுத்துக் காட்டினாராம். அந்த வரியையும் தமிழில் எழுதியவள் துர்க்கா. அதில் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

"இனி ஆரிட்டப் போய் நான் இந்தப் பங்கைப் பத்திக் கதைக்கிற?" என்றார் நஜாத். அவளிடம் கேட்ட கேள்வியாக அது இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வரும் நேரத்தைக் கணித்துத் துர்க்கா ஸ்ரௌவ்வில்லுக்குக் கார் ஓடினாள். புது வீட்டுத் தெருக்கள். மரங்கள் இன்னும் தோளுயரம் கூட வளரவில்லை. அன்புராசாவின் றக்கை அந்தத் தெருவில் விட அனுமதி இல்லை. எங்கோ ஒரு வளவில் மாதக் கூலிக்கு விட்டிருந்தார்.

துர்க்காவோடு நான்கு பேரும் சமையலறை மேசையடியில் கூடினார்கள். மகள் அனோஜா மடிகணினியைத் திறந்து வைத்திருந்தாள். இருபத்துநாலு வயது, ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை.

"என்னவாம்?" என்றாள் றீற்றா, தேத்தண்ணியை வைத்துக்கொண்டே. "கிறிஸ்மஸ் மட்டும் விடுவினமோ?"

துர்க்கா சொல்லத் தொடங்கினாள். எங்கே தொடங்குவது என்று காரில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "அண்ணை, ஜூன் மாசம் முடியிறதுக்குள்ள ஒரு கடிதம் எழுதியிருந்தால், சங்கமும் நீங்களும் சேர்ந்து வித்திருக்கலாம். விழுந்த விலையில அஞ்சில நாலு அவையின்ர தலையில போயிருக்கும்."

அன்புராசா நெற்றியைச் சுருக்கினார். "எங்கட நட்டத்தை அவை ஏன் எடுக்கவேணும்?"

"அது உங்கட நட்டமில்லை, அண்ணை. வீட்டில அஞ்சில நாலு அவையின்ர. நீங்கள் கட்டினது கடனில்லை, அவையின்ர பகுதிக்கு வாடகை."

"ஈடெண்டுதானே கிடந்தது."

"நான்தான் அப்பிடி எழுதினனான். பங்கெண்டு எழுதினால் சனம் பயப்பிடுமெண்டு."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். கோபப்படப் போகிறார் என்று துர்க்கா காத்திருந்தாள். அவர் முகத்தில் வந்தது கோபமல்ல. ஒரு கணக்குச் சரியாக வரும்போது வருகிற வெளிச்சம். அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"அப்ப இது றக் மாதிரி," என்றார். "நானும் மாக்கஸும் முதல் றக்கைச் சேர்ந்துதானே வேண்டினாங்கள். அவன் முக்கால், நான் கால். விலை விழேக்கை வித்தம். அவனுக்குக் கூட நட்டம், எனக்குக் கொஞ்சம். ஒரு சண்டையுமில்லை. இதை நீர் அண்டைக்கே இப்பிடி ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்குமே, துர்க்கா."

விளங்கியிருக்கும். நான்கு வருடம் உறுதி தட்டியவளுக்குக் கிணற்று வழக்குத்தான் தெரிந்தது. றக்கும் கடையும் பேஸ்மென்ற் வாடகையும் சேர்ந்து நடத்தி, சண்டையில்லாமல் பிரிந்துபோகிற இந்த ஊர்த் தமிழரை அவள் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா எழும்பி நின்ற அன்று, மற்ற முப்பது பேர் எழும்பாமல் இருந்ததையும் எண்ணவில்லை.

அனோஜா தலையை நிமிர்த்தினாள். "வெயிற், ஆன்ரி. இங்கிலிஷ் கொன்ராக்ற்ல ஷெயர் எண்டு கிளியரா இருக்கு. அம்மா, நீங்க என்னட்ட ஏன் காட்டேல்ல?"

"நீ யூனிவேசிற்றிச் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தனி. துர்க்கா எழுதினது கிடக்கேக்கை உன்னை ஏன் கரைச்சல்படுத்துவான் எண்டு விட்டனாங்கள்."

"ஓ மை கோட். சங்கத்தை சூ பண்ணேலாதா?"

"ஏலாது பிள்ளை. ஆங்கிலம்தான் செல்லுமெண்டு அப்பாவும் அம்மாவும் கையெழுத்து வைச்சிருக்கினம். என்னை வேணுமெண்டால் சூ பண்ணலாம். என்னட்டை இருக்கிறது ஒரு பழைய கார்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

றீற்றா கையைத் துடைத்துத் துடைத்து அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏப்ரலில நீ என்னோட நகைக்கடைக்கு வந்தனியெல்லோ," என்றாள்.

"ஓம்."

"ஏப்ரலில எழுதியிருந்தாலும் சரி வந்திருக்குமோ?"

துர்க்காவுக்குப் பொய் சொல்ல ஒரு வழி இருந்தது; அவள் அதில் போகவில்லை. "ஓம், றீற்றா. வந்திருக்கும்."

றீற்றா துணியை மடித்து அடுப்புக் கைபிடியில் போட்டாள். "தேத்தண்ணி ஆறுது, குடி," என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். அறைக்கதவு சாத்துப்பட்ட சத்தம் கேட்டது. அது அடித்துச் சாத்தியதல்ல. மெதுவாக, பூட்டு விழும்வரை பிடித்துச் சாத்தியது.

நவம்பரில் வீட்டை ஒப்படைக்கும் பத்திரம் வந்தது. ஒப்பமிடுபவர்களுக்கு ஆங்கிலம் போதாது என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டவேண்டும் என்று லோயர் எழுதியிருந்தார். துர்க்கா வேறொருவரின் இலக்கத்தை அனுப்பினாள். றீற்றாவிடமிருந்து பதில் வந்தது: "வேற ஆளுக்குக் குடுக்கக் காசில்லை. நீயே வா."

அதே மேசையில் பத்திரத்தை விரித்துத் துர்க்கா ஒவ்வொரு பிரிவாகத் தமிழில் வாசித்தாள். உரிமையை முழுவதும் விட்டுக்கொடுக்கிறோம். போட்ட பணத்தில் எதையும் கோரமாட்டோம். மீதிக் கடனைச் சங்கம் தள்ளுபடி செய்கிறது. நவம்பர் முப்பது மதியத்துக்குள் சாவியை ஒப்படைப்போம். ஒவ்வொன்றின் முடிவிலும் அவள் நிறுத்தினாள். ஒவ்வொரு தடவையும் அன்புராசா, பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளை சொல்வதுபோல, "விளங்குது," என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கியது. ஒரு இடத்தில் அவளை நிறுத்தி, தள்ளுபடி செய்யும் கடனுக்கு வருமான வரி வருமா என்றுகூடக் கேட்டார். நல்ல கேள்வி. துர்க்கா அதை ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

"உந்த யன்னல் கேட்டின் எல்லாம் நாங்கள் வேண்டிப் போட்டது," என்றாள் றீற்றா. அன்று அவள் வாய் திறந்தது அதற்குத்தான். "கழட்டிக்கொண்டு போகலாமோ, இல்லாட்டி அதுவும் அவையின்ரயோ?"

துர்க்கா இணைப்பைப் புரட்டித் தேடினாள். நான்காவது பக்கத்தில் இருந்தது. "சீலையைக் கொண்டு போகலாம். சுவரில பூட்டின கம்பி நிக்கவேணும்."

"கம்பிக்கும் நாங்கள்தான் காசு குடுத்தனாங்கள்."

"ஓம் றீற்றா. சுவரில பூட்டினபடியால் அது வீட்டோட சேந்திடும்."

"சேந்திடும்," என்றாள் றீற்றா.

அன்புராசா மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தார். றீற்றா வைத்தாள். கடைசித் தாள் துர்க்காவுக்கு உரியது. மேற்படி ஆவணத்தை நான் இவர்களுக்குத் தமிழில் சரியாகவும் முழுமையாகவும் வாசித்து விளக்கினேன் என்று அச்சடித்திருந்தது. கீழே பெயர், இலக்கம், திகதி.

அவள் பேனையைப் பிடித்துக்கொண்டிருக்க, அன்புராசா கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு முன்னறை யன்னலடியில் அதன்மேல் ஏறினார். கம்பியைத் தொடாமல், சீலையை மட்டும் வளையம் வளையமாகக் கழற்றத் தொடங்கினார். றீற்றா கீழே நின்று, விழவிழ ஏந்தி மடித்தாள். இரண்டு யன்னல் முடிந்து மூன்றாவதுக்கு அவர்கள் போனபோதும் துர்க்கா திகதி எழுதவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சைன் பண்ணும், துர்க்கா," என்றார் அன்புராசா, கதிரையின் மேல் நின்றபடியே, திரும்பாமல். "நாலு மணிக்கு முதல் அனுப்பவேணுமெல்லோ."

அவள் கையெழுத்து வைத்தாள்.